வேட்டை நாய் குரைக்க வேண்டுமா, வாயை மூட வேண்டுமா?

வேட்டை நாய் என்றதும் தமிழ் வாசகர் பலரின் மனதில் வருவது கன்னி, சிப்பிப்பாறை மாதிரி ஒரு நாய்தான்: ஒட்டிய வயிறு, நீண்ட கால், முயலைக் கண்டதும் சத்தமே இல்லாமல் ஒரே பாய்ச்சல். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பக்கத்து வேட்டைக்காரரிடம் இதே பேச்சை எடுத்தால் அவர் காலையும் வயிற்றையும் விட்டுவிட்டுத் தொண்டையைப் பற்றிப் பேசுவார். இருட்டில், மலைக்கு அந்தப்பக்கம் ஓடும் கூட்டத்தில் தன் நாய் எது என்று குரலை வைத்தே சொல்லிவிடும் ஆட்கள் அங்கே உண்டு.

விலங்கைத் தேடிப் போகும் நாய் குரல் கொடுத்துக்கொண்டே போவது நல்லதா, வாயை மூடிக்கொண்டு போவது நல்லதா? இதைத் தலைமுறை தலைமுறையாக வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால், இதில் பாதிச் சண்டை கேள்வியைத் தப்பாகக் கேட்பதால் வருவது. நாயை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. துரத்தப்படும் விலங்கு அந்தக் குரைப்பைக் கேட்டால் என்ன செய்யும் என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சத்தம் போடாத நாய் என்றால் குரைக்கவே தெரியாத நாய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேட்டையில் மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் விலங்கு கண்ணில் பட்டிருக்காது, அது நடந்துபோன வாசனை மட்டும் தரையில் கிடக்கும். நாய் மோப்பம் பிடித்து அந்தத் தடத்திலேயே போகும். இரண்டாவதில் விலங்கு கிளம்பி ஓடும், நாய் பின்னாலேயே விரட்டும். மூன்றாவதில் விலங்கின் ஓட்டம் நின்றுவிடும்: மரத்தில் ஏறியிருக்கும், அல்லது வளைக்குள் புகுந்திருக்கும், அல்லது பாறையை முதுகுக்கு வைத்துக்கொண்டு எதிர்த்து நிற்கும். இந்த மூன்றாவது கட்டத்தில் அநேகமாக எல்லா வேட்டை நாயும் குரைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மனிதன் எங்கே போய்ச் சேருவான்? விவாதமெல்லாம் முதல் இரண்டு கட்டங்களைப் பற்றியது. அங்கே வாய் திறக்காத நாயைத்தான் 'சத்தமில்லாத நாய்' என்கிறார்கள்.

பார்வையால் வேட்டையாடும் நாய்களை வேகமாகக் கடந்துவிடலாம். கிரேஹவுண்ட், சலுக்கி, நம் கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் இந்த வகை. வெட்டவெளியில் கண்ணால் பார்த்து, முழு வேகத்தில் ஓடிப் பிடிப்பவை. ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும், நடப்பதெல்லாம் மனிதன் கண் முன்னாலேயே நடக்கும். குரைத்து யாருக்கும் சேதி சொல்ல வேண்டியதில்லை, மூச்சும் வீணாகும். (இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை நாய் விட்டுப் பிடிப்பதும் குற்றம். அதனால் இந்தக் கட்டுரை பேசும் வேட்டை பெரும்பாலும் வெளிநாட்டுக் காடுகளில் நடப்பது.) இங்கிலாந்தில் கிரேஹவுண்டை வேறு நாய்களோடு கலந்து உண்டாக்கிய லர்ச்சர் என்ற நாய்க்குத் திருட்டு வேட்டைக்காரர்களின் நாய் என்ற பெயர் இருந்தது. அடுத்தவன் நிலத்தில் ராத்திரி முயல் பிடிக்கப் போகிறவனுக்குக் குரைக்கும் நாய் எதற்கு?

மோப்ப நாயின் கதை வேறு. நாய் காட்டுக்குள் நுழைந்த மறுநிமிடமே மனிதனின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. தடம் ஐந்து கிலோமீட்டர் போகலாம், ஆற்றைக் கடக்கலாம், திரும்பி வந்த வழியே போகலாம். பின்னால் வருபவனுக்கு நாய் எங்கே இருக்கிறது, தடம் பழசா புதுசா, விலங்கு கிளம்பிவிட்டதா என்பதையெல்லாம் சொல்லக் குரலைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் ஐரோப்பாவின் மோப்ப நாய் இனங்கள் பலவற்றில் மூக்கைப் போலவே தொண்டையையும் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். பிளட்ஹவுண்ட், ஃபாக்ஸ்ஹவுண்ட், பாசெட், பீகிள் எல்லாம் அந்தக் குடும்பம். 

குரல் மனிதனுக்கு மட்டும் போய்ச் சேருவதில்லை. கூட்டமாக விடப்பட்ட ஃபாக்ஸ்ஹவுண்டுகளில் ஒன்று தடத்தைக் கண்டுபிடித்துக் குரல் கொடுத்தால் மற்றவை அதை நம்பி ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். இங்கே ஒரு ஆபத்தும் உண்டு. சில நாய்கள் தடமே இல்லாத இடத்தில், உற்சாகத்தில் சும்மா கத்தும். அப்படி ஒன்று இருந்தால் போதும், மொத்தக் கூட்டமும் கெட்டுவிடும். எந்த நாட்டு வேட்டைக்காரரானாலும், குரல் கொடுக்கும் நாயில் அவருக்குப் பிடிக்காத குணம் இந்தப் பொய்க்குரல்தான். சத்தம் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்வார், பொய்யாக இருந்தால் பொறுக்க மாட்டார்.

பீகிளை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் காட்டன்டெயில் முயல் தனக்குப் பழகிய சின்ன வட்டாரத்தை விட்டு வெளியே போக விரும்பாது. விரட்டினால் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். வேட்டைக்காரர் பின்னால் ஓட வேண்டியதே இல்லை. முயல் கிளம்பிய இடத்தில் நின்றுகொண்டு, பீகிளின் குரல் எந்தப் பக்கம் வளைகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும். வேகமான, சத்தமில்லாத நாயை இதே வேலைக்கு விட்டால் முயல் பயந்து அடித்துப்பிடித்து ஏதாவது பொந்துக்குள் போய்விடும். நாய் மெதுவாகவும் சத்தமாகவும் இருப்பது இங்கே ஒரு தகுதி. பின்லாந்தில் பனிக்காட்டு முயலுக்கு விடப்படும் ஃபின்னிஷ் ஹவுண்டின் வேட்டையும் இதே கணக்குதான்.

ரக்கூன் வேட்டைக்கு வந்தால் விஷயம் சிக்கலாகிறது. ரக்கூன் ராத்திரியில் இரை தேடும் விலங்கு, துரத்தினால் மரம் ஏறும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதற்கென்றே கூன்ஹவுண்ட் இனங்கள் உருவாயின: ட்ரீயிங் வாக்கர், புளூடிக், ரெட்போன், பிளாக் அண்ட் டேன், ப்ளாட். இவற்றில் பெரும்பாலானவை தடத்தில் குரல் கொடுத்துக்கொண்டே போகும். அந்தக் குரலிலும் வகை உண்டு. நீளமாக இழுத்து ஊளை மாதிரி வருவது ஒன்று, வெட்டி வெட்டி அடுத்தடுத்து விழுவது இன்னொன்று. நல்ல நாய் தடத்தில் இழுத்துக் கத்திக்கொண்டே வந்து, ரக்கூன் மரம் ஏறியதும் வெட்டுக் குரலுக்கு மாறிவிடும். வேட்டைக்காரர் ஒரு மைல் தள்ளி நின்றாலும் 'ஏறிடுச்சு' என்று தெரிந்துகொண்டு நடக்க ஆரம்பிப்பார்.

யுனைடெட் கென்னல் கிளப் நடத்தும் இரவுப் போட்டிகள் முழுக்கக் காதால் நடப்பவை. இதில் ரக்கூனைக் கொல்வதில்லை. நான்கு நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். முதலில் தடத்தில் குரல் கொடுக்கும் நாய்க்கு 100 புள்ளி, அடுத்தவற்றுக்கு 75, 50, 25. மரத்தடியில் முதலில் நின்று குரைக்கும் நாய்க்கு 125. குரல் கேட்டதும் 'இது என் நாய்' என்று உரிமையாளர்தான் இருட்டில் நின்று அறிவிக்க வேண்டும். மரத்தில் ரக்கூன் இல்லை என்று தெளிவாகத் தெரிந்தால் வந்த புள்ளிகள் கழிவாக மாறும். இப்படிப்பட்ட போட்டியில் வாய் திறக்காத நாய்க்கு என்ன மரியாதை இருக்கும்?

ஆனால் போட்டிக்குப் போகாமல் ரக்கூன் தோலுக்காக வேட்டையாடியவர்களில் பலர் வேறு மாதிரி யோசித்தார்கள். குரல் கொடுக்கும் நாய் தொலைவில் வரும்போதே ரக்கூனுக்குத் தெரிந்துவிடும். ஓடையில் இறங்கித் தடத்தைக் கலைக்கவோ, தனக்குத் தெரிந்த பொந்து மரத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளவோ அதற்கு நேரம் கிடைக்கிறது. சத்தமில்லாத நாய் வந்தால் கடைசி நொடியில்தான் தெரியும். பதறிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு மரத்தில் ஏறும், அது சின்ன மரமாகவும் இருக்கலாம். வேலை சீக்கிரம் முடியும். அணில் வேட்டைக்கு மலைப்பகுதியில் வளர்க்கப்படும் கர் என்ற நாய்கள் பலவும் இப்படித்தான் தடத்தில் வாய் திறக்காமல் போய், மரத்தடியில் மட்டும் குரைக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவே, தடம் சூடாகும் வரை அடக்கி வாசித்து, விலங்கு பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வாய் திறக்கும் நாய்களும் உண்டு. இங்கே மூக்கையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும். சில நாய்களால் பல மணி நேரத்துக்கு முந்தைய, ஆறிப்போன தடத்தையும் பிடிக்க முடியும். அப்படிப்பட்ட மூக்கோடு ஓயாத வாயும் சேர்ந்தால், விலங்கு எங்கோ போய்விட்டிருக்க, நாய் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் கத்திக்கொண்டிருக்கும். விலங்குகள் குறைவான மலையில் இதுவும் ஒரு வரம், ஏதோ ஒரு தடமாவது கிடைக்கிறதே. விலங்குகள் நிறைந்த காட்டில் பெரிய தலைவலி.

கரடி வேட்டையில் குரல் பக்கம்தான் ஓங்கியிருக்கிறது. 1750 வாக்கில் ஜெர்மனியிலிருந்து வந்து வடக்கு கரோலினாவில் குடியேறிய ப்ளாட் குடும்பம் வளர்த்தெடுத்த ப்ளாட் ஹவுண்ட் 1989 முதல் அந்த மாநிலத்தின் அதிகாரப்பூர்வ நாய். கரடி நாயின் குரலைக் கேட்டுப் பொந்தில் ஒளியும் ஜாதி இல்லை. பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக நடக்கும், கோபம் வந்தால் திரும்பி நின்று அறையும். தனியாகச் சத்தமில்லாமல் போய் அதன் முன் நிற்கும் நாய் அதிக நாள் உயிரோடு இருக்காது. கூட்டம் வேண்டும், கூட்டம் சேரக் குரல் வேண்டும்.

எனக்கு இந்த விஷயத்திலேயே சுவையானதாகப் படுவது காட்டுப்பன்றிதான். ஒரே விலங்குக்கு இரண்டு நாடுகளில் நேர் எதிரான நாய்களைத் தேடுகிறார்கள்.

டெக்ஸாஸில் காட்டில் திரியும் பன்றிகள் ஸ்பானியர் காலத்திலிருந்து தப்பிப்போன வளர்ப்புப் பன்றிகளின் வாரிசுகளும், பிற்காலத்தில் கொண்டுவந்துவிட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றியின் கலப்பும். வயலை உழுது நாசமாக்குவதால் ஆண்டு முழுவதும் வேட்டையாட அனுமதி உண்டு. அங்கே நாய்கள் இரண்டு அணி. லூசியானாவின் கேட்டஹூலா, பிளாக் மவுத் கர் போன்றவை முதல் அணி. இவை தடத்தில் சத்தமில்லாமல் போய், பன்றியை நெருங்கிய பிறகுதான் வாய் திறக்கும். முன்கூட்டியே கேட்டால் பன்றி ஊரையே தாண்டி ஓடிவிடும். நெருங்கியதும் பன்றியின் முகத்துக்கு நேரே வட்டமடித்துக் குரைத்து அதை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும், கடிக்கப் போகாது. அந்தக் குரைப்பைக் கேட்டு மனிதர்கள் வந்துசேர்ந்து, கயிற்றில் பிடித்திருக்கும் இரண்டாவது அணியை அவிழ்த்துவிடுவார்கள்: தந்தம் கிழிக்காதபடி மார்புக்கவசம் போட்ட புல்டாக், பிட்புல் வகை நாய்கள். அவை குரைக்காது, நேராகப் போய்ப் பன்றியின் காதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்று நாம் சொல்வது அங்கே ஒரு வேலைப் பங்கீடு. முதல் அணி நாய்க்குக் கடிக்கும் ஆசை வந்துவிட்டால் பன்றி ஓடிவிடும், அல்லது நாயின் வயிறு கிழியும்.

ஜெர்மனியில் இதே பன்றிக்குக் குளிர்காலத்தில் நடப்பது கூட்டு வேட்டை. துப்பாக்கிக்காரர்கள் காட்டின் பல இடங்களில், மேடைகளில் அசையாமல் காத்திருப்பார்கள். நாய்களின் வேலை பன்றியைப் பிடிப்பதோ நிறுத்துவதோ இல்லை, புதரிலிருந்து கிளப்பி அந்த மேடைகளின் பக்கம் நகர்த்துவது மட்டுமே. இங்கே சத்தமில்லாத நாய் இடைஞ்சல். திடீரென்று பக்கத்தில் நாயைப் பார்த்த விலங்கு தலைதெறிக்க ஓடும், அதைச் சரியாகச் சுட முடியாது, காயம்தான் படும். குட்டிகளும் மான்களும் சுதாரிக்க நேரமில்லாமல் நாயின் வாயில் மாட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்தே குரைத்துக்கொண்டு வரும் நாய் என்றால் விலங்குக்கு ஆபத்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரிகிறது. அது நின்று, கேட்டு, நிதானமாக விலகி நடக்கும். காத்திருப்பவருக்கும் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஸ்வீடனில் ரோ மானுக்குக் குட்டைக்கால் ட்ரெவர் நாயை விடுவதும் இதே காரணத்துக்காகத்தான். டெக்ஸாஸ்காரருக்குப் பன்றி நிற்க வேண்டும், ஜெர்மானியருக்குப் பன்றி நடக்க வேண்டும். நாயின் வாய் அதைப் பொறுத்து மாறுகிறது.

ஜெர்மானியர்கள் இதைச் சோதித்து ஏட்டிலேயே எழுதிவிடுவார்கள். வாசனையை மட்டும் பிடித்துக் குரல் கொடுப்பது, விலங்கைக் கண்ணால் கண்டபின் மட்டும் குரல் கொடுப்பது, இரண்டிலும் ஊமையாக இருப்பது, ஒன்றுமில்லாமலே கத்துவது என்று இனப்பெருக்கத் தேர்வுகளில் பிரித்துக் குறிக்கிறார்கள். பொதுவாகச் சோதிப்பது முயல் தடத்தில்: முயல் ஓடி மறைந்த பிறகு, அதைப் பார்க்காத நாயை அந்த வழியில் விடுவார்கள். டாஷ்ஹண்டுக்கு இது ரொம்ப முக்கியம். அது பேட்ஜர், நரி ஆகியவற்றின் வளைக்குள் இறங்கும் நாய். மண்ணுக்கடியில் எங்கே இருக்கிறது என்று குரல் மேலே கேட்டால்தான், சிக்கிக்கொண்டால் தோண்டி எடுக்க முடியும்.

நார்வே, ஸ்வீடன் பக்கம் மூஸ் மான் வேட்டையில் சத்தமும் அமைதியும் ஒரே நாய்க்குள் அடுத்தடுத்து வருகின்றன. சாம்பல் நிற நார்வேஜியன் எல்க்ஹவுண்ட், 1946இல் தனி இனமாக ஏற்கப்பட்ட யம்ட்ஹுண்ட் ஆகியவை இந்த வேலைக்குப் பெயர் போனவை. அவிழ்த்துவிட்ட நாய் சத்தமில்லாமல் காட்டைத் துழாவும். தடத்தில் குரைத்தால் மூஸ் கிளம்பி மைல் கணக்கில் போய்விடும், அதன் கால் நீளத்துக்கு நாய் ஈடு கொடுக்க முடியாது. மூஸைக் கண்டதும்தான் குரைப்பு தொடங்கும். நன்றாக வளர்ந்த ஆண் மூஸ் அரை டன் வரை எடை இருக்கும், ஒற்றை நாய்க்கு அது பயப்படாது. ஓநாயை எதிர்கொள்வது போலவே நின்று முறைக்கும். நாய் ரொம்ப நெருங்காமல், ரொம்ப விலகாமல், விடாமல் குரைத்து அதன் கவனத்தைத் தன் மேலேயே வைத்திருக்கும். வேட்டைக்காரர் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நடந்து வருவார், அவருடைய காலடி ஓசையை அந்தக் குரைப்பு மறைத்துவிடும். மூஸ் நகர்ந்தால் நாய் சட்டென்று வாயை மூடிக்கொண்டு பின்தொடர்ந்து, அது நிற்கும் இடத்தில் மறுபடி தொடங்கும். இதே நாயைக் கயிற்றில் கட்டி, ஒரு சத்தமும் இல்லாமல் தடத்தில் நடத்திக்கொண்டு போகும் முறையும் அங்கே உண்டு.

பின்லாந்தின் தேசிய நாயான ஃபின்னிஷ் ஸ்பிட்ஸ் இதையே பறவையிடம் செய்கிறது. கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுப்பறவை மரக்கிளையில் உட்கார்ந்துகொண்டு கீழே குரைக்கும் நாயையே உற்றுப் பார்க்கும், அந்த நேரத்தில் மனிதர் நெருங்கிவிடுவார்.

வேண்டிய குரல் இயற்கையாகக் கிடைக்காத இடத்தில் மனிதன் வேறு வழி பார்த்துக்கொண்டான். மத்திய ஆப்பிரிக்காவின் பசென்ஜி சாதாரண நாய் போலக் குரைக்காது. வலையை நோக்கி விலங்குகளை விரட்ட அதைப் பயன்படுத்தும் காங்கோ காட்டு மக்கள், அதன் கழுத்தில் மரத்தாலோ காயாலோ செய்த கிலுகிலுப்பையைக் கட்டிவிடுகிறார்கள். நாய் போகும் வழி அந்தச் சத்தத்தில் தெரிந்துவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இலங்கை மலையகத்தில் இருக்கிறது. 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் காடுகளில் மரையை (நம் ஊரில் மிளா, கடமான்) நாய்க்கூட்டம் வைத்து வேட்டையாடினார், பெரும்பாலும் துப்பாக்கி இல்லாமல், கத்தியோடு. பத்தடி தள்ளி எதுவும் தெரியாத அந்த மேகக்காட்டில் தடம் பிடித்துச் சத்தம் போட மோப்ப நாய்கள், மரை ஓடையில் இறங்கி எதிர்த்து நிற்கும்போது பாய்ந்து பிடிக்க வேகமான நாய்கள் என்று கலந்தே வைத்திருந்தார். டெக்ஸாஸின் இரண்டு அணிகளைப் போலத்தான் இதுவும்.

நாய்க்கு இந்தக் குணத்தைச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று புதிதாகக் கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் முடியாது. மரத்தடியில் நின்று குரைக்கப் பழக்கலாம், வெட்டிச் சத்தத்தை ஓரளவு அடக்கலாம். ஆனால் வாசனை மூக்கில் ஏறியதும் வாய் தானாகத் திறக்கிறதா என்பது ரத்தத்தில் வருவது. குரல் கொடுக்கும் இனத்தையும் ஊமை இனத்தையும் கலந்தால் ஒரே ஈற்றில் இரண்டு விதக் குட்டிகளும் வரலாம், ஓரளவு வளர்ந்து தடத்தில் விட்டுப் பார்க்கும் வரை எது எப்படி என்று தெரியாது. இயற்கையில் நாய்க்குடும்பம் இவ்வளவு சத்தமாக வேட்டையாடுவதில்லை. ஓநாய் இரையைச் சத்தமில்லாமல்தான் நெருங்கும். முதுமலை, பந்திப்பூர் காடுகளின் செந்நாய்க் கூட்டம் சீழ்க்கை மாதிரி ஒரு ஒலியால் தங்களுக்குள் தொடர்பு வைத்துக்கொள்ளும். தடம் முழுக்கக் கத்திக்கொண்டே போகும் நாய் மனிதன் தன் காதுக்காக உண்டாக்கியது.

அந்தக் காதின் வேலையை இப்போது கருவிகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. 2000களின் நடுவில் சந்தைக்கு வந்த ஜிபிஎஸ் கழுத்துப்பட்டைகள் நாய் எங்கே இருக்கிறது என்பதைக் கையிலுள்ள திரையில் காட்டிவிடுகின்றன. வாய் திறக்காத நாய் காட்டில் தொலைந்துபோகும், சாலையில் அடிபடும் என்ற பழைய பயம் பாதி குறைந்தது. அமெரிக்கப் பன்றி வேட்டையில் சத்தமில்லாத நாயை நம்பி அனுப்ப இது பெரிய தைரியம் கொடுத்தது. ஜெர்மன் கூட்டு வேட்டையில் பட்டை இருந்தாலும் குரல் இல்லாத நாயை யாரும் விரும்பவில்லை, காரணம் அங்கே பன்றிக்கும் கேட்க வேண்டுமே. ஸ்காண்டிநேவியாவில் விற்கும் பட்டைகளில் இன்னொரு வசதியும் சேர்ந்திருக்கிறது: நாய் நிமிடத்துக்கு எத்தனை முறை குரைக்கிறது என்று எண்ணி அதையும் திரையில் காட்டும். மூஸ் நின்றுவிட்டதா, நகர்கிறதா என்பதை மலைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தே அந்த எண்ணை வைத்து ஊகித்துக்கொள்ளலாம்.